அளந்தீங்களா டீச்சரும் என் வீட்டு விரிசலும்

எங்கள் ஊரில் 'அளந்தீங்களா டீச்சர்' அளக்காமல் விட்டவை இரண்டே இரண்டு. ஒன்று, கடவுளின் கருணை. இன்னொன்று, என் பொறுமை. முதலாவதை அளக்க அவரிடம் கருவி இல்லை. இரண்டாவதை அளக்க அவசியமே ஏற்படவில்லை. அவர் வந்த மூன்றாம் மாதமே அது தீர்ந்துபோயிற்று.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊரில் அதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை ரோடு வழியாக ஸ்கூட்டியில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே கேள்வி வந்துவிடும்.

"இன்னைக்கு வெயிலு மண்டையப் பொளக்குது டீச்சர்" என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்வேன்.

"அளந்தீங்களா அண்ணாச்சி?"

பஸ் ரொம்ப லேட் என்று யாராவது சொன்னால், "எத்தனை நிமிஷம்? அளந்தீங்களா?" ஒருநாள் என் மனைவி, என்ன நினைத்தாளோ, "எங்க மாமியாரு தங்கமானவிய டீச்சர்" என்றாள். அதற்கும் அதே கேள்விதான். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் என்னவென்று நானும் காத்திருந்தேன். அவள் அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே என் வீடு. வீட்டின் முன்பக்கம் என் ஜெராக்ஸ் கடை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மிச்சப் படிப்பெல்லாம் மற்றவர்கள் ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டுவரும் தாள்களைப் படித்துச் சேர்த்தது. தொடக்கப் பள்ளி என்றால் தலைமையாசிரியர் ஒருவர், இந்த டீச்சர் ஒருவர், முப்பத்தொரு பிள்ளைகள். அறிவியல் பாடம் இந்த டீச்சர் பொறுப்பு. மூன்றாம் வகுப்பில் 'அளவீடுகள்' என்று ஒரு பாடம் உண்டு. மற்றவர்கள் அதை இரண்டு நாளில் வாசித்து முடித்துவிடுவார்கள். இவர் வந்த வருஷம் அந்தப் பாடம் முடியவே இல்லை. "புத்தகத்துல இருக்கிறது புத்தகத்துக்குத் தெரியும். உனக்கு என்னட்டி தெரியும்? போ, போயி அளந்துட்டு வா" என்று பிள்ளைகளை ஊருக்குள் அவிழ்த்துவிட்டார்.

முதலில் அகப்பட்டவர் ஆட்டுக்காரர் சுடலை. ஒருநாள் காலையில் மகனைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வந்தார்.

"டீச்சர், இது என்ன படிப்பு? லீவு நாளாச்சேன்னு ஆட்டைப் பாத்துக்கிட அனுப்புனா, இவன் ஒரு ஆட்டுக்குப் பின்னால குத்தவச்சு எண்ணிக்கிட்டு இருக்கான். மத்த இருவது ஆடும் உளுந்துக்குள்ள எறங்கிட்டு!"

டீச்சர் பையனைப் பார்த்தார். "எத்தனைலே வந்துச்சு?"

"எது?" என்றார் சுடலை.

"புழுக்கைதான்."

சுடலை என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"முன்னூத்திப் பன்னெண்டு டீச்சர்" என்றான் பையன், காது இன்னும் அப்பன் கையில் இருக்க. "பட்டியில அடைக்கிற வரைக்கும். பெறவு போட்டது மத்த ஆட்டுதோட கலந்துபோச்சு."

"அப்ப பாதிக் கணக்குதான். அடுத்த வாரம் அதைத் தனியாக் கட்டு."

சுடலை மகனின் காதை விட்டுவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார். "உளுந்துக்காரனுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்றார்.

"எத்தனை செடி போச்சுன்னு அளந்து சொல்லுங்க அண்ணாச்சி. சும்மா 'கொஞ்சம்'னு சொன்னா அவிய 'நெறைய'ன்னுதான் சொல்லுவாவ."

தலைமையாசிரியரும் தப்பவில்லை. சுதந்திர தினத்தன்று அவர் பேசி முடித்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். தட்டிய கையோடு ஒரு பொடிசு எழுந்து, "சார் இருவத்தேழு நிமிஷம் பேசுனாவ. 'ஆகவே' பத்தொம்பது தடவை" என்றது. மனிதர் அதற்குப் பிறகு கொடியேற்றிவிட்டு நேராக மிட்டாய்க்குப் போய்விடுவார். ஊருக்கு அது நல்லதுதான். ஆனால் அவர் என் கடைக்கு வந்து, "ஒரு மனுஷன் நிம்மதியா 'ஆகவே' சொல்ல முடியல" என்று புலம்பியபோது எனக்குப் பாவமாக இருந்தது.

அடுத்தது என் முறை. பழமொழி என்றால் எனக்கு உயிர். வருகிறவர் போகிறவர் வாயில் எது உதிர்ந்தாலும் வீணான ஜெராக்ஸ் தாளின் பின்பக்கம் எழுதி வைத்துவிடுவேன். கடை வாசலில் ஒரு கரும்பலகை. தினம் ஒரு பழமொழி. 'தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை' என்று ஒருநாள் எழுதினேன். நாலாம் வகுப்பு முத்துமாரி நோட்டோடு வந்து நின்றாள். இரட்டைச் சடை, முன்பல் ஒன்று இல்லை.

"தாழன்னா எவ்வளவு அண்ணாச்சி?"

"தாழன்னா... தாழத்தான்."

"இடுப்புக்குக் கீழயா, முட்டுக்குக் கீழயா?"

"இடுப்புன்னே வச்சுக்கோயேன்" என்றேன், தொலைந்தால் போதும் என்று.

அவள் தொலையவில்லை. இரண்டு மாதம் கழித்து அதே நோட்டோடு வந்தாள். "ஒம்போது நாள் தாழப் பறந்துச்சு. ரெண்டு நாள்தான் மழை பெஞ்சுது. தப்பாமன்னு போட்டிருக்கீங்க."

மறுநாள் கடை திறக்கும்போது பலகையில் ஒரு சொல் அழிக்கப்பட்டு, டீச்சர் கையெழுத்தில் திருத்தம் இருந்தது: 'தட்டான் தாழப் பறந்தால் சில சமயம் மழை.'

நீங்களே சொல்லுங்கள். இப்படி ஒரு பழமொழியை எந்த ஊரிலாவது கேட்டிருக்கிறீர்களா? 'சில சமயம்' என்று சேர்த்தால் எந்தப் பழமொழிதான் உயிரோடு நிற்கும்? ஒரு வாரம் நான் டீச்சருக்கு வணக்கம் சொல்லவில்லை. ஒருவேளை அதையும் அளந்திருப்பார்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். விரிசல் விஷயத்துக்கு வருகிறேன்.

கரிசலில் வீடு கட்டுகிறவன் கப்பலில் வீடு கட்டுகிறவன் என்பார் எங்கள் ஊர்க் கொத்தனார். மழைக்கு மண் பொங்கும், கோடைக்குச் சுருங்கும். மேலே நிற்கிற சுவர் என்ன செய்யும்? வாயைப் பிளக்கும். அதனால் கரிசலைத் தோண்டி எறிந்து, அடியில் கெட்டியான சரள் மண் தட்டுகிற வரைக்கும் போய், சரளைப் போட்டு நிரப்பித்தான் அஸ்திவாரம் எடுக்க வேண்டும். இது கைப்பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் கடையை ஒட்டி ஒரு பெரிய அறை எடுத்தபோது வெளியூர் மேஸ்திரி ஒருவர் மூன்றடியிலேயே நிறுத்தி, "போதும்ணே, கல்லு மாதிரி இருக்கு" என்றார். சித்திரை மாதம். சித்திரையில் கரிசல் கல் மாதிரி இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? ஆனால் அன்றைக்கு எனக்கு அந்த வார்த்தை இனித்தது.

இரண்டாம் வருஷம் சுவர் கிழிந்தது. வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் காலண்டர் மாட்டுவது தேதி பார்ப்பதற்கு அல்ல. ஒரு வீட்டில் எத்தனை காலண்டர் தொங்குகிறதோ அத்தனை விரிசல். நானும் ஒரு பெரிய காலண்டராகப் பார்த்து மாட்டினேன்.

அந்த ஆடி மாதம் டீச்சர் வீட்டுப்பாடம் கொடுத்தார்: தெருவில் உள்ள விரிசல்களை எல்லாம் வாரா வாரம் அளந்து வர வேண்டும். ஆளுக்கு இரண்டு வீடு. என் வீடு முத்துமாரிக்கு விழுந்தது. திங்கட்கிழமை காலையில் ஸ்கேலோடு வந்தாள். நேரே காலண்டரைத் தூக்கினாள். விரிசலுக்குக் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு, "இந்தக் கோட்டுலதான் எப்பவும் அளக்கணும்னு டீச்சர் சொன்னாவ. அஞ்சு மில்லிமீட்டர்" என்று எழுதிக்கொண்டு போனாள். என் மனைவி அவளுக்கு முறுக்கு கொடுத்தாள். அடுத்த திங்கட்கிழமையும் வந்தாள். முறுக்குக்கா, விரிசலுக்கா என்று என்னால் அளக்க முடியவில்லை.

என் மனைவிக்கு அந்த அறையில் ஒரு கனவு இருந்தது. புதியம்புத்தூரில் ரெடிமேட் துணி தைக்கிற முதலாளி ஒருவர் எங்கள் பக்கம் பன்னிரண்டு தையல் மிஷின் போட இடம் தேடிக்கொண்டிருந்தார். இவள் மிஷின் தையல் கற்றவள். தெருவில் பதினொரு பெண்களைச் சேர்த்துவிட்டாள். ஜன்னலை ஒட்டி யார், சுவரை ஒட்டி யார் என்று இடம்கூடப் பிரித்தாயிற்று. தீப்பெட்டி ஆபீஸ் வேலையை விட்டு இங்கே வருவதற்கு அந்தப் பெண்கள் நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புரட்டாசி கடைசியில் அவர் அறையைப் பார்க்க வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு செல்போன். "காத்தோட்டமா இருக்கு அண்ணாச்சி. வெளிச்சமும் நல்லா வருது" என்றார். எல்லாம் கூடிவந்த நேரம். ஆனால் அன்றைக்குத் திங்கட்கிழமை.

"அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளிக்கோங்க" என்று கீழே இருந்து ஒரு குரல். முத்துமாரி எங்கள் இருவருக்கும் நடுவே புகுந்து, காலண்டரைத் தூக்கி, ஸ்கேலை வைத்தாள். "போன வாரம் ஏழு. இன்னைக்கு ஏழரை" என்று உரக்கச் சொன்னாள். சொல்லிவிட்டு முதலாளியையும் நிமிர்ந்து பார்த்து, "இந்தத் தெருவுலயே இதுதான் பெருசு" என்றாள், பெருமையாக.

அவர் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நல்ல காலண்டரு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

நான் செருப்பைக்கூடப் போடாமல் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். "டீச்சர்! பிள்ளைக்குப் படிப்பு சொல்லித்தாரீங்களா, என் குடியக் கெடுக்குதீங்களா?"

"விரிசலை அவ உண்டாக்கலையே அண்ணாச்சி. அளக்கத்தான செஞ்சா?"

"பன்னெண்டு வீட்டு வேலை போச்சு!"

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வகுப்புச் சுவரில் ஒரு பெரிய சார்ட் ஒட்டியிருந்தது. ஊரில் உள்ள விரிசல் எல்லாம் அதில் கோடு கோடாக ஏறிக்கொண்டிருந்தன. "மழை வரட்டும். மண்ணு பொங்குனா இதெல்லாம் தானா மூடும். உங்களுதும் மூடுச்சுன்னா நானே இந்த நோட்டோட புதியம்புத்தூர் போயி அவியகிட்ட பேசுதேன்."

"மூடலைன்னா?"

எதற்கும் கேள்வி வைத்திருக்கிற மனுஷி, "பாப்போம்" என்றார்.

மழைக்காக விவசாயி காத்திருப்பான், தெரியும். அந்த ஐப்பசியில் ஒரு ஜெராக்ஸ்காரன் காத்திருந்தான். மனைவி என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். தட்டான் தாழப் பறந்தால் வாசலுக்கு ஓடிவருவேன். சில சமயம் என்று ஞாபகம் வந்து திரும்பிவிடுவேன்.

மழை வந்தது. நல்ல மழை. இரண்டு வாரத்தில் தெருவெங்கும் பிள்ளைகளின் சத்தம். "சுடலை மாமா வீட்டுல மூடிட்டு!" "எங்க வீட்டுல பேப்பர்கூட நுழையல!" திருவிழா மாதிரி இருந்தது. முத்துமாரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். அளந்தாள். ஸ்கேலைத் திருப்பிப் போட்டு அளந்தாள். பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடியும் அளந்தாள். எப்போதும் உரக்கச் சொல்கிறவள் மெதுவாகச் சொன்னாள். "பதினொண்ணு. டீச்சரக் கூட்டிட்டு வாரேன்."

டீச்சர் நூலில் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு வந்தார். சுவரின் உச்சியிலிருந்து வெளிப்பக்கமாகத் தொங்கவிட்டார். அடியில் கல்லுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடைவெளி. மூன்றடி அஸ்திவாரம் மழையில் இளகி, சுவர் வெளியே சாய்ந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, இந்த ரூம்புக்குள்ள இனிமே யாரும் போக வேண்டாம்" என்றார். மனைவியைப் பார்த்து, "அக்கா, நீங்களுந்தான்."

எரிச்சலில் என் வாயில் அதுதான் வந்தது. "அளந்தீங்களா டீச்சர்?"

"மூணு தடவை" என்றார். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் கொத்தனார் வந்தார். சுற்றிப் பார்த்தார். வெற்றிலையைத் துப்பினார். இடிக்க ஆரம்பிக்கும் முன் தலைப்பாகை கட்ட வேண்டும் என்று கடப்பாரையைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

அவ்வளவுதான். வேலை முடிந்தது.

சுவர் வெளியே விழுந்தது. தகரக் கூரை உள்ளே வந்து தரையோடு படுத்துக்கொண்டது. கொத்தனார் கையில் துண்டோடு நின்றார். "நான் ஒண்ணுமே செய்யல அண்ணாச்சி" என்றார், போலீசிடம் சொல்வது போல. என் மனைவி தகரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரலை நீட்டி, "அங்கன செல்வி. அதுக்கு அடுத்து பேச்சியம்மா. அதுக்கு அடுத்து நான்" என்றாள். மிஷின் போட இடம் பிரித்ததைச் சொன்னாள்.

மழை ஓய்ந்ததும் மறுபடி தோண்டினோம். இந்தத் தடவை குழிக்கரையில் முப்பத்தொரு பிள்ளைகள். "போதும்" என்று கொத்தனார் சொல்லும்போதெல்லாம், "அளந்தியளா?" என்று கோரஸாகக் கேட்டார்கள். மனிதர் சரள் தட்டுகிற வரைக்கும் போனார், வேறு வழியில்லாமல். அதற்குள் டீச்சர், சொன்னபடி விரிசல் மூடாவிட்டாலும், நோட்டை எடுத்துக்கொண்டு புதியம்புத்தூர் போய்வந்திருந்தார். முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டாராம்: "அந்தப் பிள்ளை திங்கக்கிழமை திங்கக்கிழமை வந்து அளக்கும்னா மிஷின் அனுப்புதேன்."

இப்போது பன்னிரண்டு மிஷினும் ஓடுகின்றன. அந்தச் சத்தத்தில் என் பழமொழிகள் என் காதுக்கே கேட்பதில்லை. முத்துமாரி ஐந்தாம் வகுப்பு. திங்கட்கிழமை வந்து புதுச் சுவரை மேலிருந்து கீழாகப் பார்த்து, "சைபர்" என்று எழுதிவிட்டு, முறுக்கை வாங்கிக்கொண்டு போகிறாள். பல் முளைத்துவிட்டது.

டீச்சருக்குப் போன ஜூனில் மாறுதல் வந்தது. விளாத்திகுளத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பள்ளிக்கூடம். ஊரே அப்பாடா என்றது. தலைமையாசிரியர் இந்தச் சுதந்திர தினத்தில் மறுபடி 'ஆகவே' சொன்னார்; யாரும் எண்ணவில்லை என்று தெரிந்ததும் அவருக்கே சுரத்துக் குறைந்துவிட்டது. கரும்பலகையில் 'சில சமயம்' மட்டும் ஒரு மூலையில் அப்படியே இருக்கிறது. அழிக்க எனக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

"டீச்சரு இப்ப ரொம்ப தூரத்துல இருக்காவளோ?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

"ரொம்ப தூரம்" என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, உள்ளே அந்தக் கேள்வி கேட்டது. அடுத்த திங்கட்கிழமை கடையை அடைத்துவிட்டு, ஒரு பை முறுக்கோடு பைக்கை எடுத்தேன். போக முப்பத்தொரு கிலோமீட்டர். திரும்பி வரவும் முப்பத்தொன்று என்றுதான் மீட்டர் காட்டியது.

மீட்டர் சரியில்லை டீச்சர். வரும்போது கூடுதலாகத்தான் இருந்தது.