கருப்பர் கோயில் கறிக்குழம்பு

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்புப் பற்றவைப்பதில்லை என்று என் மனைவி பிரகதீஸ்வரி அறிவித்தாள். அவளைப் பேசியே மடக்குவது என்று அந்த நிமிடமே சபதம் எடுத்தேன். வாயைத் தவிர என்னிடம் வேறு ஆயுதமும் இல்லை. நான் திருவரங்குளம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வரலாற்று வாத்தியார். அவள் வைக்கும் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பை நம்பித்தான் மற்ற நாட்களில் எட்டாம் வகுப்போடு மல்லுக்கட்டுகிறேன். அதுவும் போனால் எனக்கு என்னதான் மிச்சம்?

"பிரகதி, சமையலுங்கறது வேலையே இல்ல தெரியுமா? மனுசன் கண்ட மொத சந்தோசமே அதுதான். பச்சக் கறியக் கடிச்சுத் தாடை வலிச்சுக் கெடந்தவன், என்னைக்கு அத நெருப்புல வாட்டித் தின்னானோ, அன்னைக்குத்தான் சிரிக்கவே கத்துக்கிட்டான்."

"சிரிச்சது யாரு? வாட்டுனது யாரு?"

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும்.

"ரெண்டும் ஆம்பளதான்! இன்னைக்கும் நம்ம கருப்பர் கோயில் கிடாவெட்டுல யாரு சமைக்கிறா? பொம்பளைங்க எட்டிக்கூடப் பாக்கக் கூடாது. வருசா வருசம் அந்த அண்டாவுல உப்பு காரம் போடுறது இந்தக் கைதான்."

"பத்தொம்பது வருசமாச் சொல்றீங்க. ஒரு சொட்டு நான் நாக்குல வச்சதில்ல. ஞாயித்துக்கெழம எங்கண்ணன் வருது. அந்தச் சந்தோசத்த நீங்களே அனுபவிங்க."

உங்களிடம் மறைப்பானேன்? கோயிலில் இலை போடும்வரை எனக்கு இட்ட வேலை பூண்டு உரிப்பது. கரண்டி பிடிப்பவன் பங்காளி வீட்டுத் தம்பி பெரியகருப்பன். பெண்கள் அங்கே வரக்கூடாது, கறியும் வீட்டுக்குப் போகக்கூடாது. அந்தத் தைரியத்தில்தான் இத்தனை வருடம் அளந்துவிட்டேன். இப்போது மச்சான் முன்னால் மானம் போகப்போகிறது.

பெரியகருப்பனுக்குப் போன் போட்டேன்.

"கவலைய விடுங்கண்ணே. கறிய வாங்கிக் குடுத்துட்டுப் போங்க. பத்து மணிக்குக் கொல்லப்பக்கமா வாங்க, குழம்பு ரெடியா இருக்கும்."

ஞாயிறு காலை பிரகதீஸ்வரி தானாகவே சிவன் கோயிலுக்குக் கிளம்பினாள். "நான் இருந்தா ஒங்களுக்குக் கை ஓடாது" என்று வேறு சொன்னாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? தூக்குவாளியில் கொண்டுவந்த குழம்பை எங்கள் சட்டியில் ஊற்றிச் சூடு பண்ணினேன். சட்டையில் கொஞ்சம் மஞ்சள் தூளையும் தடவிக்கொண்டேன்.

மச்சான் நிலவழகன் மூன்று முறை சோறு வாங்கினார். "மாப்ள, கையக் குடுங்க!" என்றார். வெட்கமில்லாமல் கொடுத்தேன்.

பிரகதீஸ்வரி ஒரு வாய் சாப்பிட்டாள். "நல்லாத்தான் இருக்கு. முத்துமாரி கசகசாவ மட்டும் கொஞ்சம் தூக்கலாப் போட்டுருச்சு."

முத்துமாரி, பெரியகருப்பனின் மனைவி.

"அது எதுக்கு இங்க வருது?"

"குழம்பு வச்சது அதுதானங்க. காலையிலயே போன் பண்ணிச் சொல்லிருச்சு. கொழுந்தனாருக்கு வெந்நி வைக்கக்கூடத் தெரியாதாம்."

"அபாண்டம்! கோயில்ல அண்டாவ அவன் கிண்டுறத நானே கண்ணால பாத்திருக்கேன்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். மச்சான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"கிண்டத்தான் செய்வாரு. மசாலா எங்கிட்டிருந்து வருது? மொத நாளே முத்துமாரி வறுத்து அரச்சு, உப்பையும் அளந்து போட்டு, வாளியில குடுத்து விடுது. பொம்பளதான் அங்க போகக்கூடாது. பொம்பள அரச்ச மசாலா போகலாமுல்ல?"

மச்சானுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அவர் தலையில் தட்டக்கூட எனக்கு மனசு வரவில்லை.

"நானும் முத்துமாரியும் பேசி முடிவு பண்ணிட்டோம்" என்றாள் பிரகதீஸ்வரி. "இனிமே ஞாயித்துக்கெழம ரெண்டு வீட்டு அடுப்படியும் கருப்பர் கோயில் மாதிரிதான். பொம்பளைங்க உள்ள வரமாட்டோம்."

"அப்ப சட்டி பானையெல்லாம்?"

"கோயில்ல யாரு கழுவுறா?"

பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக அவளிடம் உண்மையைச் சொன்னேன்.

"நான்தான்."