எறும்பு கடித்த மாதிரிதான்

கெங்கம்மாள் கையை நீட்டவில்லை. பாதி நீட்டிய கையையும் முந்தானைக்குள் இழுத்து வைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு வேணாம் நைனா," என்றார்.

"இன்னாம்மா, வெறும் வயித்துலதான கீறீங்க? டீ குடிச்சிட்டீங்களா?" என்று கேட்டான் தமிழரசு. பெட்டியைத் திறந்து ஊசியையும், கையில் கட்டுகிற ரப்பர் பட்டையையும் எடுத்து வைத்தாகிவிட்டது. காலை ஆறே முக்கால். கள்ளிக்குப்பத்தில் அவனுக்கு முதல் வீடு இதுதான்.

"டீயெல்லாம் குடிக்கல. நேத்து படம் பாத்தேன்."

எந்தப் படம் என்று அவன் கேட்கவில்லை.

விடிந்ததும் விடியாததுமாக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து அம்பத்தூர் லேப்பில் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் வேலை. வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. நடுவில் சனி பிடித்த ஒரு நாளில், அவன் ரத்தம் எடுக்கப் போன வீட்டுப் பையன் அபிஷேக், "அண்ணே, உங்க ஒட்டிப்போன கன்னத்தை எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா?" என்று சொல்லி, தான் எடுத்துக்கொண்டிருந்த பேய்ப் படத்தில் அவனை ரத்தக் காட்டேரியாகப் போட்டுவிட்டான். படத்தின் பெயர் 'ஏழாம் கடி'.

ஆவடியில் ஒரே ஒரு தியேட்டரில் மூன்று நாள் ஓடியது. தமிழரசு தன் மனைவி பானுப்பிரியாவோடு போனபோது மொத்தம் ஆறு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் ஏசிக்காகத் தூங்க வந்தவர். சரி, விட்டது தொல்லை என்று அவனும் இருந்தான். போன வெள்ளிக்கிழமை அதை வீட்டிலேயே பார்க்கிற மாதிரி டிவியிலும் போனிலும் வெளியிட்டுவிட்டார்கள். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் அடைமழை. வெளியே கால் வைக்க முடியாத ஜனம் என்னதான் செய்யும்? வீடு பாக்கியில்லாமல் பார்த்துத் தொலைத்தது.

"அது நடிப்பும்மா. வாயில கீறது பிளாஸ்டிக் பல்லு."

"பல்லுக்கு யாரு பயந்தா? ‘கைய லூசா வைங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்’னு சொல்லிச் சொல்லியே ஏழு பேர முடிச்சிட்டியே. போன வாரம் என்னாண்டயும் அதையேதான சொன்னே?"

அதுதான் வினை. படப்பிடிப்பில் அபிஷேக் இரண்டு பக்க வசனம் எழுதிக் கொடுத்திருந்தான். கேமராவைக் கண்டதும் அது சுத்தமாக மறந்துபோய், தினமும் சொல்லிப் பழகிய வாய் தானாக அதைச் சொல்லிவிட்டது. அபிஷேக் நாற்காலியை விட்டு எழுந்து நின்று கை தட்டினான்.

"வாரா வாரம் ரிப்போர்ட்டப் பாத்துதான டாக்டர் உங்க இன்சுலினக் கூட்டிக் கொறைக்கிறாரு? எடுக்கலேன்னா எப்படிம்மா?"

"சக்கரைல ஏற்கெனவே ரெண்டு கால் வெரல் போச்சு. கழுத்தையும் உன்னாண்ட குடுத்துட்டுப் போவணுமா? நீ தங்கமான புள்ளதான் நைனா. இருந்தாலும் போய்ட்டு வா."

வாசலுக்கு வந்தபோது போன் அடித்தது. லேப் மேனேஜர் திருமுருகன்.

"நேத்து ரெண்டு டியூப். முந்தாநேத்து ஒண்ணு. இன்னிக்குப் பன்னெண்டு மணிக்குள்ள ஆறு டியூப் வரணும். இல்லேன்னா நாளைக்கு யூனிஃபார்மைத் துவைச்சுக் கொண்டாந்து கொடுத்துடு," என்று வைத்துவிட்டார்.

முன்பு வேலை பார்த்த கம்பெனி மூடியதும் எட்டு மாதம் மாமனார் வீட்டுச் சோற்றைத் தின்றவன் தமிழரசு. அந்தச் சோற்றோடு கிடைத்த குழம்பைவிடப் பேச்சுதான் அதிகம். மறுபடி அங்கே போய் உட்கார அவன் தயாராக இல்லை.

அடுத்த வீட்டுக்கு முகக்கவசம் போட்டுக்கொண்டு போனான். மூக்கும் வாயும் மறைந்தால் ஆள் தெரியாது என்று கணக்கு. கதவைத் திறந்தவள் எழிலரசி என்ற ஏழு மாதக் கர்ப்பிணி. என்ன ரத்த குரூப் என்று பார்க்க வேண்டும். அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த போனைப் பார்த்தாள். அதில் தெரிந்த படத்தின் போஸ்டரில் கறுப்புப் பின்னணியில் வெறும் இரண்டு கண்கள்தான் இருந்தன.

"அம்மா வீட்டுக்குப் போனப்புறம் எடுத்துக்கறேங்க," என்று மெல்லச் சொல்லிவிட்டுத் தாழ்ப்பாள் போட்டாள்.

தெருமுனையில் பைக்கை நிறுத்தி அபிஷேக்குக்குப் போன் போட்டான்.

"தம்பி, புண்ணியமாப் போவட்டும். என் மூஞ்சிய மட்டும் மறைச்சு உட்று. ஒருத்தரும் ரத்தம் குடுக்க மாட்டேன்றாங்க."

"நிஜமாவாண்ணே?" என்றான் அபிஷேக். பிள்ளை பிறந்த செய்தி கேட்டவன் குரல் மாதிரி இருந்தது. "பத்து நிமிஷம் டைம் கொடுங்க."

பத்தாவது நிமிஷம் படத்தின் விளம்பரப் பக்கத்தில் தமிழரசுவின் போட்டோ வந்தது. லேப் யூனிஃபார்ம், பைக், பைக்கின் நம்பர் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. மேலே கொட்டை எழுத்தில், ‘நிஜத்திலும் ரத்தம் எடுப்பவர். கதிகலங்கும் கள்ளிக்குப்பம்.’ அதுவரை படம் பார்க்காமல் தப்பித்திருந்தவர்களும் அதற்குப் பிறகு பார்க்க உட்கார்ந்தார்கள்.

மூன்றாவதாகப் போனது அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்கே நான்கு பேரிடம் ரத்தம் எடுக்க வேண்டும். அதில் ஒருவரான செயலாளர் ரவிச்சந்திரன் கேட்டிலேயே மறித்தார். ஐ.டி. கம்பெனிக்காரர், எதையும் சோதித்துப் பார்த்துத்தான் நம்புவார்.

"தப்பா நினைக்காதீங்க தம்பி. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனா குடியிருக்கிறவங்க கேக்கறாங்க. படத்துல பூண்டைப் பார்த்தா நீங்க ஓடறீங்களே?"

"இப்ப இன்னா சார் பண்ணணும்?"

யாரோ வீட்டிலிருந்து நாலு பல் பூண்டு கொண்டுவந்தார்கள். வேலை பெரிதா மானம் பெரிதா என்று யோசிக்கிற நிலையில் அவன் இல்லை. பச்சையாக மென்றான். காரம் தலைக்கேறிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"பாருங்க, அவருக்கு ஒத்துக்கல," என்றது பின்னால் ஒரு குரல்.

"சும்மா இருங்க, முழுங்கிட்டார் இல்ல?" என்று அடக்கிவிட்டு, எல்லாருக்கும் முன்மாதிரியாக ரவிச்சந்திரன் தாமே காவலாளி நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார். தமிழரசுவுக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. பட்டையைக் கட்டினான். பூண்டு மணக்க அவர் பக்கம் குனிந்தான். நரம்பு கிடைத்தது.

"கைய லூசா வைங்க சார், எறும்பு கடிச்ச..."

பாதியில் வாயை மூடினான். அதற்குள் ரவிச்சந்திரன் பட்டையோடு எழுந்து கேட்டுக்கு உள்ளே போய்விட்டார். பட்டை மட்டும் கொஞ்ச நேரம் கழித்துக் கம்பிக்கு மேலாக வந்து விழுந்தது.

மணி பத்தரை. பெட்டியில் காலி டியூப்கள். ஆறு பேரின் பெயர் அச்சடித்த ஆறு ஸ்டிக்கர்.

ரேஷன் கடை அன்று திறக்கவில்லை. அதன் பின்பக்கம் போய், தன் இடது கையில் பட்டையைச் சுற்றி ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்தான். பழக்க தோஷத்தில், "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்," என்று தனக்கே சொல்லிக்கொண்டு குத்தினான். நன்றாகவே வலித்தது. இத்தனை பேரிடம் இத்தனை நாள் பொய் சொல்லியிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

நான்காவது டியூப் நிறைந்துகொண்டிருக்கும்போது குடத்தோடு ஒரு பெண் அந்தப் பக்கம் வந்தாள். கையைக் கடிக்கிற மாதிரி, மடியில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்த வழியே போனாள். அவன் அவசரமாக ஆறையும் நிரப்பி, ஸ்டிக்கரை ஒட்டி, கிளம்பினான்.

லேப் வாசலில், பெருக்கித் துடைக்கிற ராஜம்மா வழக்கம்போலப் பெட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோனாள். திருமுருகன் எட்டிப் பார்த்து, "இதான்யா வேலை," என்றார்.

வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தவனுக்கு இறங்கவில்லை. அவனுக்குச் சர்க்கரை கிடையாது. கெங்கம்மாளின் பெயரில் அவன் ரத்தத்தின் ரிப்போர்ட் போகும். சர்க்கரை இறங்கிவிட்டது என்று டாக்டர் இன்சுலினைக் குறைப்பார். இரண்டு விரலோடு நின்ற சர்க்கரை மிச்சக் காலையும் கேட்கும், இல்லை ஆளையே கேட்கும். எழிலரசிக்குத் தப்பான ரத்த குரூப் போகும், அவள் வயிற்றில் ஒரு பிள்ளை வேறு.

எல்லாவற்றையும் பானுப்பிரியாவிடம் கொட்டினான். அவள் தட்டை எடுத்து நகர்த்தி வைத்தாள்.

"ஓடிப்போய் உண்மையச் சொல்லு. வேலை போனா எங்கப்பா ஊட்டுல ரெண்டு பேச்சு கேட்டுக்கலாம். அந்தம்மாவுக்கு ஒண்ணு ஆயிடுச்சின்னா நீ நெசமாவே காட்டேரிதான்."

ஓடினான். திருமுருகன் சாப்பிடப் போயிருந்தார். ராஜம்மா மட்டும் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மேஜைமேல் ஆறு ரிப்போர்ட்டும் அச்சாகி இருந்தன.

கெங்கம்மாளுடையதை முதலில் எடுத்தான். சர்க்கரை 286.

அப்பாடா என்று நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இருந்தது ஒரு நொடிதான். 286 எப்படி வரும்? அடுத்ததைப் பார்த்தான். ரவிச்சந்திரனுக்குக் கொழுப்பு அதிகம். எழிலரசிக்கு ரத்த குரூப் ஏ நெகட்டிவ். அதற்கடுத்தவருக்கு பி பாசிட்டிவ். தமிழரசு ஓ பாசிட்டிவ். சட்டையை விலக்கித் தன் கையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"ராஜம்மாக்கா, ஒரு தப்புப் பண்ணிட்டேன். காலைல குடுத்த ஆறும் என் ரத்தம். ஒரே ஆளு ரத்தம். அந்த டியூப்பெல்லாம் எங்க?"

ராஜம்மா துடைக்கிற கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அத அப்பவே கக்கூஸ்ல ஊத்தி கழுவி உட்டேனே நைனா, நீ சேர்றதுக்கு முன்னாடியே டெஸ்ட்டு பண்ற மிஷினு கெட்டுப் பூட்ச்சி, தெனம் இன்னாத்துக்குதான் ஊர் ரத்தத்த இம்மாம் உறிஞ்சிக்கினு வர்றேன்னு நானே உன்னக் கேக்கணும்னு இருந்தேன்."