முதலாளியைச் சாகடித்த படிவம்

உயிரோடிருந்த ஒரு மனிதரை நான் சாகடித்திருக்கிறேன். ஒரு பட்டனை அமத்தி, அவ்வளவுதான். (சரி, எட்டுத் தரம் அமத்தினேன். அதுதான் பிரச்சினையே.)

அப்போது நெளுக்குளத்தில் ஓர் அச்சகத்தில் வேலை. கணினிப் படிப்பு முடித்த கையோடு, உலகத்தையே திருத்திவிடும் நினைப்பு. மரண அறிவித்தல் கொடுக்க வருகிறவர்கள் உறவுமுறை சொல்லி முடிக்கவே மத்தியானமாகிவிடும். இன்னாரின் மைத்துனர், கனடாவில் இருக்கும் இன்னாரின் சகலன் என்று ஒருவரும் விடுபடக்கூடாது. விடுபட்டால் செத்தவீட்டிலேயே சண்டை. ஆகவே நான் ஓர் இணையப் படிவம் செய்தேன். பெட்டிகளில் பெயர்களை நிரப்பிப் பட்டனை அமத்தினால், முழு அறிவித்தலும் தானாக எழுதப்பட்டு ஒரு கோப்பாகக் கணினியில் இறங்கும்.

சோதித்துப் பார்க்க யாராவது சாக வேண்டுமே? எதிரே இருந்தவர் முதலாளி சிவபாலன். அவர் பெயரைப் போட்டேன். மகள் பெட்டியில் அவருடைய மகள் தர்சினி. மருமகன் பெட்டியை வெறுமையாக விட மனம் வரவில்லை. குமரன் என்று என் பெயரையே போட்டேன். (நானும் தர்சினியும் விரும்பியது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் வேலையும் போகும், தர்சினியும் போய்விடுவாள்.) பட்டனை அமத்தினேன். திரையில் ஒன்றும் நடக்கவில்லை. வேலை செய்யவில்லையென்று நினைத்து, கற்பனைப் பெயர்களைப் போட்டு இன்னும் ஏழு தரம் அமத்தினேன்.

மறுநாள் காலை முதலாளி, "தம்பி, உம்மட அறிவித்தல் மாதிரிக்கு ஒண்டை எங்கட வாடிக்கையாளர் வாட்ஸ்அப் குறூப்பில போட்டுவிடும். சனம் பாக்கட்டும்" என்றார். தேடிப் பார்த்தால், ஓசைப்படாமல் எட்டுக் கோப்புகள் இறங்கியிருந்தன! ஏழுக்கு 1, 2, 3 என்று இலக்கம். இலக்கம் இல்லாததுதான் அசல், மற்றவை பிரதிகள் என்று நானே முடிவுகட்டி, திறந்தும் பார்க்காமல் அனுப்பினேன். முதன்முதலில் இறங்கியதற்குத்தான், அதாவது முதலாளி பெயர் போட்டதற்குத்தான், இலக்கம் இருக்காது என்பது படித்த எனக்குத் தோன்றவில்லை.

பதினொரு மணிக்கு ஓமந்தையிலிருந்து பழைய வாடிக்கையாளர் ஒருவர் மலர்வளையத்தோடு உள்ளே வந்தார். கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த முதலாளி எழுந்து, "வாங்கோ, ஆருக்கு வளையம்?" என்று கேட்டார்.

வந்தவர் வளையத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்குத்தான், அண்ணை."

அவருடைய தொலைபேசியை வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதலாளி தன் சாவை வரி வரியாக வாசித்தார். கடைசி வரியில் நின்றுவிட்டார்.

"தம்பி."

"ஓம் ஐயா."

"நான் செத்தது பிழையெண்டு எனக்கே தெரியுது. குமரனின் அன்பு மாமனார் எண்டு கிடக்கு. அதுவும் பிழையோ?"

பொய் சொல்லித் தப்பியிருக்கலாம். "அது... பிழையில்லை ஐயா" என்றேன்.

மலர்வளையத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவர், மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் வந்து, "அம்மா அப்பாவை ஒருக்கா வீட்டை வரச் சொல்லும்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தக் கோப்பை அழிக்க மாமா இன்றுவரை விடவில்லை. போன மாதம் எங்கள் இரண்டாவது மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கையில் வாங்கியவர், யாருடைய சாயல் என்றுகூடப் பார்க்கவில்லை.

"பேர் வைச்ச உடன மறக்காமல் என்ர அறிவித்தலில சேர்த்துவிடும்" என்றார்.