ஒரே ஏற்றம்

மாநிலத்தின் முதுகெலும்பு எது என்று கேட்டால் சிலர் சாலை என்பார்கள், சிலர் மின்சாரம் என்பார்கள். விவரம் தெரியாதவர்கள். முதுகெலும்பு, வேலைவாய்ப்புப் புள்ளிவிவர அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தது. அதற்கு முதுகு வலி வேறு இருந்தது.

போக்குவரத்து, கிடங்கு, மின்சாரம், குடிநீர் ஆகிய துறைகளில் வேலைகள் கூடினவா குறைந்தனவா என்று மாதாமாதம் 'கணித்து' அறிக்கை எழுதும் அதிகாரி அவர். அலுவலகத்தில் அவருக்கு 'ஏற்ற இறக்கம்' என்று பெயர். அதை அவர் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். வேலை நடக்கும் இடத்துக்கு அவர் போனதே இல்லை. நேரில் பார்த்தால் கருத்து ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும் என்பது அவர் கொள்கை. வெயிலும் ஒரு காரணம்.

அவர் மனைவியின் தம்பி ஒரு பெரிய கிடங்கில் சுமை தூக்குபவன். காலில் பெட்டி விழுந்து, கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்த சமயத்தில், ஓட்டுநர் உரிமம் எடுத்து எப்போதோ விண்ணப்பித்திருந்த ஒரு பேருந்து கம்பெனியிலிருந்து ஓட்டுநர் வேலைக்கு அழைப்பு வந்தது. கால் ஆறியதும் வந்து சேரலாம். பதிலை மட்டும் உடனே சொல்ல வேண்டும்.

"அத்தான், அங்க போகட்டுமா, கிடங்குலயே இருக்கட்டுமா? கூட வேலை பாக்குறவங்கள ஒரு வார்த்தை கேட்டுக்கட்டுமா?"

அதிகாரிக்குச் சுருக்கென்றது. "அவங்க சொல்றது வதந்தி. நான் சொல்றது புள்ளிவிவரம். இரு."

கிடங்கு மேற்பார்வையாளரை, அலுவல் முறைப்படி, தொலைபேசியில் அழைத்தார்.

"இந்த மாசம் உங்ககிட்ட ஏற்றமா, இறக்கமா?"

"ஏத்தம்தான் சார். ஒரே ஏத்தம்."

"இறக்கம்?"

"பேச்சுக்குக்கூட இல்ல சார். லாரி லாரியா ஏத்திக்கிட்டே இருக்கோம். ஆள் பத்தாம வெளியில இருந்து வேற கூட்டிட்டு வந்திருக்கோம்."

மேற்பார்வையாளர் மேலும் ஏதோ சொல்ல வந்தார். கேள்விகள் தீர்ந்துவிட்டதால் அதிகாரி போனை வைத்துவிட்டார். மற்ற கிடங்குகளும் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு செய்தார். இதற்குத் துறை வழக்கில் 'மாதிரிக் கணிப்பு' என்று பெயர்.

மைத்துனன் பேருந்து வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அறிக்கை, 'கிடங்குத் துறையில் வரலாறு காணாத ஏற்றம்' என்றது. கூட்டத்தில் இயக்குநர் அதை உரக்க வாசித்தார்.

"இந்த ஏற்றத்துக்கு என்ன காரணம்?" என்று ஒருவர் கேட்டார்.

"வளர்ச்சி" என்றார் அதிகாரி. எல்லாரும் குறித்துக்கொண்டார்கள்.

கால் ஆறி வேலைக்குப் போன மைத்துனன், போன வேகத்தில் திரும்பி வந்தான். கிடங்கில் காவலாளியையும் மேற்பார்வையாளரையும் தவிர ஒருவரும் இல்லையாம். அதிகாரி பதறிப்போய் மேற்பார்வையாளரை அழைத்தார்.

"அதான் அன்னிக்கே சொன்னேனே சார், எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு இருக்கோம்னு. கம்பெனி கடையக் கட்டிட்டுப் போயிடுச்சு. கடைசியா என் நாற்காலியையும் ஏத்திட்டாங்க. நின்னுக்கிட்டுத்தான் பேசறேன்."

பேருந்து கம்பெனியில் அதற்குள் வேறு ஆள் சேர்ந்திருந்தான். மனைவி சத்தம் போடவில்லை. "என் தம்பிகிட்ட அன்னிக்கு வதந்தி, புள்ளிவிவரம்னு என்னமோ சொன்னீங்களே, அத இப்ப ஒரு தடவ சொல்லுங்க பாப்போம்" என்றாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதற்கு அலுவல் மொழியில் வேறு பெயர் கிடைக்கவில்லை.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, வேலை இழந்தவர்களுக்கு உதவித்தொகை தரும் அலுவலகத்துக்கு மைத்துனனைத் தானே அழைத்துப் போனார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"எந்தத் துறைங்க?"

"கிடங்கு."

"கிடங்கா? அதுல யாருக்கும் வேலை போகலையே. அறிக்கை வந்திருக்கு. வரலாறு காணாத ஏற்றம். ஏறுற துறைக்கு உதவித்தொகை கிடையாதுங்க."

"கிடங்கையே மூடிட்டாங்கம்மா. இவன் கண்ணால பாத்துட்டு வந்தான்."

"கண்ணால பாத்ததெல்லாம் கணக்குல வராதுங்க."



"அந்த அறிக்கைய எழுதின ஆள் ஒரு அடிமுட்டாள்மா" என்றார், மனதாரவே. மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டான். அத்தானைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வாய்க்கு வந்தபடி பேசாதீங்க சார். அவருக்கும் வீட்டுல தம்பி, மச்சான்னு வேலைக்குப் போறவங்க இருப்பாங்கல்ல? ஒரு எட்டு போய்ப் பாக்காமலா எழுதியிருப்பாரு?"