மொய்ப் பணத்தில் வந்த லேசர் மிஷின்

பேராவூரணி
4.7.2016

அன்புத் தம்பி சதீஷுக்கு, அக்கா குந்தவை எழுதுவது.

இங்கே நானும் உன் மாமாவும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், நடமாடுகிறோம். அதைச் சுகம் என்று வைத்துக்கொள். சிங்கப்பூரில் நீயும் உன் வீட்டாரும் நிஜமாகவே சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நான் அழுதுவிடுவேன், நாலாவது வாக்கியத்தில் நீ "அக்கா, மீட்டிங்" என்பாய். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். நம் கிளினிக்கில் இருக்கிற லேசர் மிஷினை விற்றுவிடலாம் என்றிருக்கிறேன். அதில் உன் இரண்டு லட்சமும் இருப்பதால் உன் சம்மதம் வேண்டும்.

இரண்டு வருஷத்துக்கு முன் நீதான் சொன்னாய், அங்கே டாட்டூ அழிக்கிற கடையில் வரிசை தெருமுனை வரை நிற்கிறது, நம் ஊரில் எத்தனை கையில் பச்சை இருக்கிறதென்று எண்ணிப் பார் என்று. பட்டுக்கோட்டையிலிருந்து வரும் பஸ்ஸில் எண்ணினேன். பதினோரு கையில் இருந்தது. குத்தியிருப்பவர்கள் எல்லாம் அழிக்க விரும்புகிறவர்கள் என்று எடுத்துக்கொண்டேன். நான் கணிதத்தில் பட்டம் வாங்கியவள், இதை வெளியே சொல்லாதே. மிஷின் பதினோரு லட்சம். பேங்கில் நிலப் பத்திரம் கேட்டார்கள். "பேங்க் எதுக்குக்கா, மொய் விருந்து வை. வட்டியில்லாத கடன்" என்றாய். வைத்தேன். அந்த ஆடியில் முப்பது ஆடு வெட்டி, பந்தல் போட்டு, வந்தவர்கள் எழுதிய மொய்யில் செலவு போக ஒன்பது லட்சம் நின்றது. அன்றைக்கு நான் கும்பிட்ட கும்பிடு தேர்தலில் நிற்பவர்கள்கூடக் கும்பிட்டிருக்கமாட்டார்கள். அந்த ஆயிரத்துச் சொச்சம் பேரும் தங்கள் வீட்டு விருந்து வரும்போது கொடுத்ததை வாங்குவார்கள், அதற்கு மேல் நாமும் கொஞ்சம் புதிதாக வைக்க வேண்டும், அதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்கும் எனக்கும் தெரியாமல் போனது ஒன்றுதான். என்னிடம் மொய் எழுதாத ஆள் இந்த வட்டாரத்தில் கிடையாது. ஆகவே மொய் எழுதாத வாடிக்கையாளரும் கிடையாது.

முதலில் வந்தவன் வீரையன். துபாயிலிருந்து கல்யாணத்துக்காக வந்திருந்தான். நெஞ்சில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது, ஆனால் கல்யாணப் பெண்ணின் பெயர் வேறு. ஒரு தடவைக்கு ஆயிரத்தைந்நூறு, ஆறு வாரத்துக்கு ஒருமுறையாக எட்டுத் தடவை வர வேண்டும் என்றேன்.

"ஏங்க, திருவிழால குத்துனவன் முந்நூறு ரூவாதாங்க வாங்குனான்."

"குத்துறது சுலபம் தம்பி, அழிக்கிறதுதான் கஷ்டம்."

"அது தெரிஞ்சுதானே வந்திருக்கேன். சரிங்க, உங்க விருந்துல எங்கப்பா ரெண்டாயிரம் எழுதியிருக்காரு. அதுல கழிச்சுக்கங்க."

மொய் வேறு, வியாபாரம் வேறு என்றேன். "அப்பக் கறிச்சோறு மட்டும் எதுக்குங்க ஒண்ணாப் போட்டீங்க?" என்றான். கழித்துக்கொண்டேன். அவன் சொன்னானோ காற்று சொன்னதோ, அடுத்த வாரத்திலிருந்து எல்லோரும் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். உடம்பில் புள்ளிகூட இல்லாதவர், "என் மொய்யில மச்சானுக்கு அழிச்சு விடுங்க" என்று மச்சானைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். செவ்வாயும் வெள்ளியும் அதிராம்பட்டினத்திலிருந்து வரும் டாக்டர் ஹஃப்ஸாவுக்குச் சம்பளம், ஏ.சி., ஜெனரேட்டர் டீசல், மிஷின் கம்பெனிக்காரனின் வருஷ சர்வீஸ், இவையெல்லாம் ரொக்கம். வருமானம் மட்டும் மொய் நோட்டில் சிவப்புக் கோடு. போகட்டும், கடனாவது அடைகிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அதுவும் அடையவில்லை. போன ஆடியில் வீரையனின் அப்பா இளையபெருமாள் விருந்து வைத்தார். ரெண்டாயிரம்தான் கழிந்துவிட்டதே என்று, புதிதாக ஐந்நூறு மட்டும் எழுதினேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தவர் மைக்கைத் தள்ளி வைக்காமலே கேட்டார்: "ஏம்மா குந்தவை, பழைய மொய் நடை ரெண்டாயிரம் வரலியே?" பந்தலில் இருநூறு பேர் கறியை மென்றுகொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வீரையனைப் பார்த்தேன். ரச வாளியோடு நின்றவன் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சட்டையின் மேல் பட்டனைப் போட்டான். அவன் பெண்டாட்டி பக்கத்தில் அப்பளம் வைத்துக்கொண்டிருந்தாள். உங்கள் மகன் நெஞ்சில் இருந்த பெயரோடு உங்கள் ரெண்டாயிரமும் போய்விட்டது என்று அவரிடம் அங்கே எப்படிச் சொல்வேன்? "நோயாளியோட ரகசியம் நம்ம உசிருக்குச் சமம்க்கா" என்று ஹஃப்ஸா வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தாள். பணத்தைக் கொடுத்துவிட்டுச் சாப்பிடாமல் வந்தேன்.

இந்த ஆடிக்கு வீட்டில் முப்பத்தெட்டு அழைப்பிதழ் இருக்கிறது. அதில் பத்தொன்பது வீடு இப்படி ரகசியமாகக் கழித்த வீடு. உன் மாமாவிடம் காட்டினேன். "குறுவை போனா சம்பா இருக்கு. ஒன் மிஷினுக்கு எதுடி சம்பா?" என்று கேட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார்.

மொய்யில் கழிக்கச் சொல்லாமல் ரொக்கம் கொடுத்தது பூவம்மாள் ஒருத்திதான். நடவுக்குப் போகிறவள். மலேசியாவுக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்ட புருஷன் பெயரை முழங்கையிலிருந்து எடுக்க வந்தாள். ஒரு மாதம் கையில் வெயில் படக்கூடாது என்று ஹஃப்ஸா சொன்னதும், "அப்ப நாத்த நெழல்லயா நடச் சொல்றீங்க?" என்றாள். மூன்று தடவையோடு நிறுத்திக்கொண்டாள். "மிச்சம் இருக்கட்டும்மா. யாரத் திட்டுறோம்னு ஞாபகம் வேணாமா?" ஐந்து தடவை வருமானம் போயிற்று. அவளைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் சமைத்துக்கொண்டு இருந்த என்னை நாலு பேர் "மேடம்" என்று கூப்பிட வேண்டும் என்ற ஆசைதான் இத்தனைக்கும் காரணம் என்று எனக்குத் தெரியும். அந்த ஆசை என் கையில் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தாலாவது அந்த மிஷினில் வைத்து அழித்துப் பார்க்கலாம்.

கீரமங்கலத்திலிருந்து சாமிதுரை என்று ஒருவர் மிஷினை ஆறு லட்சத்துக்குக் கேட்கிறார். அது வந்தால் இந்த ஆடியைத் தாண்டிவிடுவேன், நிலத்தில் கை வைக்க வேண்டாம். இனி என் ஆயுளில் மொய்ப் பந்தலில் கால் வைக்கமாட்டேன், யாரையும் வைக்க விடவும் மாட்டேன். சரி என்று ஒரு வரி எழுது.

குழந்தைக்கு என் முத்தம். உன் மனைவிக்கு என் அன்பு. நீ நூறு வயது இருக்க வேண்டும், ஆனால் எனக்கு இனி யோசனை சொல்லாமல் இருக்க வேண்டும்.

உன் அக்கா,
குந்தவை

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் சாமிதுரை வந்துவிட்டார். ஆறு லட்சத்துக்குச் சம்மதம். பணம் எப்போது என்றேன். பையிலிருந்து மஞ்சள் தடவிய அழைப்பிதழை எடுத்தார். "பேங்க் எதுக்குக்கா? ஆடி இருவத்திரெண்டு விருந்து. வர்ற காசு அப்படியே உங்களுக்குத்தான். நீங்களே மொய் வைக்கலன்னா மத்தவன் எப்படி வைப்பான்?" யோசித்துப் பார்த்ததில் கணக்கு சரியாகத்தான் வருகிறது. ஐம்பதாயிரம் எழுதுவதாகச் சொல்லிவிட்டேன். அங்கேயும் முப்பது ஆடாம், முப்பதாவது ஆட்டுக்கு நான் பொறுப்பு. உன் பெயரிலும் இருபத்தைந்தாயிரம் சொல்லியிருக்கிறேன். ஆடி இருபதுக்குள் அனுப்பிவிடு.