நெஞ்சின் மேல் கியர் பாக்ஸ்

எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். இந்த விடுமுறைக்குச் சகலை வீட்டுக்குப் போகக் கூடாது. அதற்காக, ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த என் காரின் கிளட்சைக் கழற்றுவது என்று முடிவெடுத்தேன்.

சகலை கெட்டவர் இல்லை. அவருக்குப் பித்தப்பையில் ஒரு கல் இருந்தது. எடுத்துவிட்டார்கள். கல் போய்விட்டது, கதை தங்கிவிட்டது. ஆரம்பித்தாரென்றால் தையல் பிரிக்கிற இடத்துக்கு வருவதற்குள் கேட்கிறவனுக்குத் தாடி முளைத்துவிடும். அவருக்கு மயக்க ஊசி போட்டது ஒரே தடவை. எனக்கு வருஷா வருஷம்.

என் காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணமான வருஷம் வாங்கியது. இரண்டிலுமே ரிவர்ஸ் விழாது.

"கிளட்ச் போயிடுச்சு," என்றேன் வீட்டுக்காரியிடம்.

"நேத்து மார்க்கெட்டுக்குப் போனப்ப நல்லாத்தானே ஓடுச்சு?"

"கிளட்ச் சொல்லிக்கிட்டா போகும்? வெளியில தெரியாது. உள்ளுக்குள்ளயே தேஞ்சுக்கிட்டு இருக்கும். ஒருநாள் பொசுக்குன்னு படுத்துடும்."

"உங்கள மாதிரி."

"நானே மாத்திடறேன். பழைய வண்டி, எவ்வளவு நாளாகும்னு சொல்ல முடியாது. உங்க அக்கா வீட்டுக்கு இந்தத் தடவை போக முடியாதுன்னு நினைக்கிறேன்."

சண்டைக்குத் தயாராக நின்றேன். அவளோ, "சரிங்க, பொறுமையா செய்யுங்க," என்றாள். தரை குத்துமே என்று பழைய போர்வை ஒன்றையும் விரித்துக் கொடுத்தாள். இத்தனை வருஷத்தில் இல்லாத கரிசனம். புத்தியுள்ளவன் அப்போதே சுதாரித்திருப்பான்.

கிளட்ச் என்பது ஒரு தட்டு. அக்காளும் தங்கையும் பேசும்போது நடுவில் சிக்கிய புருஷன் மாதிரி, இஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் நசுங்கிக் கிடக்கும். அதைத் தொட வேண்டுமென்றால் கியர் பாக்ஸை இறக்கியாக வேண்டும். காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் மல்லாக்கப் படுத்து, இரண்டாம் நாள்தான் கடைசி போல்ட்டைக் கழற்றினேன். கியர் பாக்ஸ் ஜாக்கியிலிருந்து சறுக்கி, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் குழந்தை போல என் நெஞ்சில் சாய்ந்துகொண்டது. யானைக்குப் பிறந்த குழந்தை.

"அடியே, அந்த ஜாக்கியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு."

"இதோ வர்றேங்க. வாசல்ல ஆள் வந்திருக்காங்க."

காரின் ஓரமாக இரண்டு ஜோடிக் கால்கள் வந்து நின்றன. அதில் ஒரு ஜோடிச் செருப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த செருப்பு.

"அக்காவும் அத்தானும்ங்க," என்றாள் வீட்டுக்காரி. "நம்மால போக முடியலல்ல? அதான் நீங்க வந்துடுங்கன்னு சொல்லிட்டேன்."

சகலை சிரமப்பட்டுக் குனிந்து என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அசையாதீங்க தம்பி. நானும் இப்படியேதான் படுத்திருந்தேன். பெரிய விளக்கு ஒண்ணைத் தலைக்கு மேல கொண்டாந்தாங்க..."

"அண்ணே, அந்த ஜாக்கி."

"இருங்க, ஒண்ணொண்ணா வர்றேன்."

பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். எழுந்து ஓட முடியாத ஓர் ஆளை அவருடைய கதை அன்றுதான் முதல்முதலாகச் சந்தித்தது. தையல் பிரித்த பிறகுதான் ஜாக்கியைத் தள்ளினார்.

மறுநாள் காலை, முதுகைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். குரலைத் தாழ்த்தினேன்.

"எப்ப கிளம்பறாங்க?"

"அக்காவுக்கு பஸ்ல வந்ததுல இடுப்பு பிடிச்சுக்கிச்சு. இனிமே பஸ் ஆகாதாம்."

"அப்புறம்?"

"நம்ம கார்லயே கொண்டுபோய் விட்டுடறதா நீங்க சொன்னீங்கன்னு சொல்லிட்டேன். அவ்வளவு தூரம் போயிட்டு உடனே திரும்புனா நல்லா இருக்காது. நாமளும் ஒரு வாரம் இருந்துட்டு வருவோம்."

"புது கிளட்ச் பிளேட் சரியா உட்காரலைன்னா?" என்று கேட்டேன்.

அவள் தேநீரை என் கையில் கொடுத்தாள்.

"உங்க இஷ்டம்ங்க. மாட்டுனா நாம அங்க. மாட்டலைன்னா அவங்க இங்க."