ஸ்டூல்காரரும் என் கையெழுத்தும்

எங்கள் வாலாஜாபாத் பக்கத்தில் எந்தப் பிள்ளை மேலே படிக்கலாம், எது வீட்டோடு கிடக்கலாம் என்று தீர்மானித்தது சர்க்காரும் இல்லை, பேங்க் மேனேஜரும் இல்லை. பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பியூன்தான். பேர் யாருக்கும் தெரியாது. ஸ்டூல்காரர்.

படிப்புக் கடன் கேட்டு வந்தால் முதல் விசாரணை அவரிடம். "மார்க்கு எவ்ளோ கீது? சீட்டு வந்துதா? ஜாமீனு யாரு?" மூன்றுக்கும் பதில் இருந்தால்தான் உள்ளே விடுவார். பதில் இல்லாமல் உள்ளே போனால் மேனேஜர் திட்டுவாராம், வந்தவங்க பாவமாம். மாற்றலாகி வந்த புது மேனேஜரையே முதல் நாள் மடக்கி, "மார்க்கு எவ்ளோ?" என்றார். அவரும் பயந்துபோய், "எழுபத்தொண்ணு" என்றாராம். "பரவால்ல, குந்து."

என் பெரிய மகளுக்குக் காஞ்சிபுரத்தில் டீச்சர் டிரெயினிங் சீட்டு வந்தது. அவள் அப்பா தவறிப்போய் இரண்டு வருசம். ஜாமீனுக்கு நான்தான். காகிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஸ்டூல்காரர் என் புடவையைப் பார்த்தார், வெடித்த காலைப் பார்த்தார்.

"கைநாட்டுதான். அப்போ பட்டா வெச்சிக்கீற ரெண்டு பேர சாட்சிக்கு இட்டுக்கினு வா."

ஐந்தாவது வரை படித்தவள், கையெழுத்துப் போடுவேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஐந்தாவதெல்லாம் ஒரு படிப்பா என்று கூச்சம். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில், "சாட்சி வேணுமாம்" என்று மட்டும் சொன்னேன்.

பக்கத்து நிலத்துக்காரர் ஒப்புக்கொண்டார். என் கொழுந்தன், "அறுப்பு முடியட்டும் அண்ணி" என்றான். முடிந்ததும், "நெல்லுப் போரு அடிச்சிட்டு வரேன்" என்றான். மூன்று வாரம் போயிற்று.

கடைசியில் மூன்று பேரும் மேனேஜர் முன்னால் நின்றோம். அவர் மைப்பெட்டியைத் தள்ளினார். நான் பேனாவை எடுத்து, இனிஷியலோடு எழுதினேன்.

"கையெழுத்தே போடுறீங்களேம்மா! அப்புறம் சாட்சி எதுக்கு? அன்னிக்கே வந்திருக்கலாமே." சீட்டுக் கடிதத்தைப் புரட்டியவர் தேதியில் விரலை வைத்தார். பணம் கட்டக் கடைசி நாள் முந்தாநாளே முடிந்திருந்தது.

வாசலில், உள்ளே பேசியதைக் கேட்டிருந்த ஸ்டூல்காரர் முகம் வெளுத்து நின்றார். "ஏம்மா, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"நீங்க கேக்கலியே."

அந்தத் தை மாதமே பெரியவளுக்குக் கல்யாணம். ஸ்டூல்காரரும் வந்தார். பந்தலின் ஓரத்தில் நின்றார், சாப்பிடாமல் போய்விட்டார்.

அதன்பின் அவருடைய மூன்று கேள்வியும் நின்றுபோயின. எந்தப் பொம்பளை வந்தாலும் ஒரே கேள்வி: "கையெழுத்து போடுவியாம்மா?" மோர் விற்க வந்தவளையும் விடவில்லை.

இரண்டு வருசம் கழித்துச் சின்னவளுக்காகப் போனேன். என்னைக் கண்டதும் எழுந்து, ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடி, மேனேஜர் மேசைக்கு எதிரே போட்டார். "சார், படிச்ச அம்மா வந்துகீறாங்க!" பேங்க் மொத்தமும் திரும்பியது. எனக்கு உடம்பு கூசிவிட்டது. அதோடு விட்டாரா? பஸ்ஸில், சந்தையில், எங்கே பார்த்தாலும், "யோவ், படிச்ச அம்மாவுக்கு வழி வுடுய்யா!"

சின்னவள் டீச்சர் ஆனாள். பெரியவள் சீட்டு போனது போனதுதான்.

ஸ்டூல்காரர் செத்த சேதியைக் கொண்டுவந்தது பெரியவள். பக்கத்தில் உட்கார்ந்து என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உன்ன படிச்ச அம்மான்னு சொல்லிக்கினு இருந்தது அவர் ஒருத்தர்தாம்மா. அவரும் பூட்டாரு."